சின்னத்திரை போதும்

ஃபிராங்க்ஸ்டன்
செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று ஃபிஷ் ஃபைண்டர் படங்களும் வந்தன. புதுக் கயாக்கில் நீ உட்கார்ந்திருக்கும் நான்காவது படமும் வந்தது. அதை மைனி பார்த்துவிட்டு, "புல்தரையிலே வச்சே இப்படி விறைச்சுப்போய் இருக்கானே, தண்ணியிலே இறக்கினா என்ன ஆவான்?" என்றாள். சிரிக்கிறாள், கோபப்படாதே.

நீ கேட்டது ஒரே வரி: "அண்ணா, 4 இஞ்சா, 7 இஞ்சா, 9 இஞ்சா?" பதிலும் ஒரே எழுத்துதான்: 4. ஆனால் நீ ஏன் என்று கேட்பாய், நான் வேலைக்குப் போகிற வழியில் போனில் விளக்குவேன், பாதியில் லைன் போய்விடும், நீ கடைக்குப் போய் தள்ளுபடியில் கிடக்கிற 9 இஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்சலோடு வைக்கிறேன், சாமான்களைப் பிரிப்பதற்கு முன் இதைப் படி.

முதலில் நீ எந்தத் தண்ணீரில் தூண்டில் போடப்போகிறாய் என்று பார். போர்ட் ஃபிலிப் விரிகுடா ஏறக்குறைய 1,950 சதுர கிலோமீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது, கடல் மாதிரியே இருக்கும். ஆனால் நடுவில் ஆழமே 24 மீட்டர்தான். தெற்கே ஹெட்ஸ் வாயில் மட்டும் கிடுகிடுவென்று இறங்கும். அங்கே கயாக்கோடு போகிற எண்ணம் இருந்தால் இந்தப் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடு. உன் ஜீலாங் பக்கம், கோரியோ விரிகுடா, கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ், போர்ட்டார்லிங்டன் எல்லாம் இன்னும் மேலாப்பு. நீ சுற்றப்போவது பெரும்பாலும் 3 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. நம் அப்பாமார் கணக்கில் ஒன்றரைப் பாகம் முதல் ஐந்தரைப் பாகம். ஆகவே பெட்டியின் மேல் "நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் பார்க்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அந்தக் கொட்டை எழுத்துக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே.

ஊரில் இதை யாரும் ஃபிஷ் ஃபைண்டர் என்று சொல்லிக் கேட்டதில்லை, எக்கோ என்றுதான் சொல்வார்கள். அதுதான் சரியான பெயர். இது மீனைத் தேடுவதில்லை. கீழே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அது எப்போது திரும்பி வருகிறது, எவ்வளவு பலமாக வருகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறது. கடல் தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 12 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 24 மீட்டர், அதாவது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அந்தச் சத்தத்தைக் கொடுத்து வாங்குகிற கறுப்புக் கட்டிதான் டிரான்ஸ்டியூசர். திரை வெறும் கணக்குப்பிள்ளை. நீ கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பார்த்துச் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறாய்.

அந்தச் சத்தம் கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் கட்டி என்றால் பொதுவாக 20 டிகிரி அளவுக்கு விரியும் என்று வைத்துக்கொள். 12 மீட்டர் ஆழத்தில் அது தரையில் போடுகிற வட்டம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உன் கயாக்கின் நீளம். 4 மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மீட்டர்கூட வராது, ஒரு சாப்பாட்டு மேசை. அவ்வளவு பெரிய கடலில் அந்த மேசையளவு இடத்தைத்தான் உன் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. திரை 9 இஞ்ச் ஆனாலும் மேசை பெரிதாகாது. 83 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 60 டிகிரி வரை விரியும், மூன்று மடங்கு அகலம் கிடைக்கும், ஆனால் விவரம் மங்கிவிடும். இப்போது வருகிற சின்னப் பெட்டிகளில்கூட சர்ப் என்று ஒன்று இருக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் தட்டாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்து ஒலிக்கும். தரையோடு ஒட்டிக் கிடக்கிற மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட அது நல்லது. அதை மட்டும் கேட்டு வாங்கு.

இன்னொன்று, எல்லோரும் முதல் நாளில் தடுக்கி விழுகிற இடம். திரையில் தெரிவது உன் கீழே இருக்கிற கடல் என்று நினைப்பாய். இல்லை. வலது ஓரத்து ஒரு நூலிழைதான் இப்போது. மற்றதெல்லாம் கழிந்துபோனது. நான் வாங்கின முதல் வாரத்தில், திரையின் இடது பக்கம் ஒரு மீன் இருக்கிறது என்று இடது பக்கமாகத் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தேன். பக்கத்து கயாக்கில் இருந்த வியட்நாம்காரர் ஒருவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது ஐந்து நிமிடத்துக்கு முந்தைய மீன் என்று சொல்லிக்கொடுத்தார். வாங்கின உடனே செட்டிங்கில் போய் அந்த மீன் பொம்மைகளை அணைத்துவிடு. ஒரு கொத்துப் பாசி, ஒரு குமிழிக் கூட்டம், எதைப் பார்த்தாலும் பெட்டி மீன் படம் போட்டு உன்னைச் சந்தோஷப்படுத்தும். நிஜ மீன் வளைவாக வரும், நீ அதன் மேல் நகர்ந்து போனால். நீ நங்கூரம் போட்டு நிற்கிறாய், மீனும் கீழே சும்மா நிற்கிறது என்றால், அது நீளக் கோடாக வரும். வளைவு பெரிதாக இருந்தால் மீன் பெரிது என்றும் நம்பாதே. மெதுவாகப் போனால் பொடி மீனும் நீண்ட வளைவு போடும்.

நான் பார்ப்பது தரையை. சேறு என்றால் தரைக்கோடு மெலிந்து மங்கலாக வரும். பாறை, சிப்பித் தரை என்றால் கோடு தடித்துப் பளிச்சென்று வரும். சில சமயம் ஆழத்தின் இரண்டு மடங்கில் இன்னொரு நிழல் தரை தெரியும், சத்தம் கீழே மோதி மேலே வந்து மறுபடி போய் வந்ததன் அடையாளம். அது தெரிந்தால் கெட்டித் தரை என்று எடுத்துக்கொள். இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு உங்கப்பா, என் சித்தப்பா, ஞாபகம்தான். கட்டுமரத்தின் அணியத்தில் குந்தியிருந்து, கயிற்றில் கட்டின கல்லை இறக்குவார். கல் தரை தொட்டதும் இரண்டு விரலால் கயிற்றைச் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். "சளி" என்பார். கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி இறக்குவார். "கல்லு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. எங்கப்பா தூண்டிலை இறக்குவார். அந்த இரண்டு விரலுக்குத்தான் நாம் இப்போது பேட்டரி போட்டு வேலை வாங்குகிறோம்.

சரி, ஜிபிஎஸ். பெட்டியில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதே. ஜிபிஎஸ் இல்லாத எக்கோ இன்னும் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

நீ சின்னப் பையன், உனக்கு நினைவிருக்காது. நம்மூர் மணக்குடிக் கோயில் கோபுரத்தை மருந்துவாழ் மலை மேல் ஏற்றி வைத்து, மேற்கே பள்ளத்துக் கோயில் கோபுரத்தை வேளிமலைக் கொம்பில் நிறுத்தினால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஒரு பார், கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும். கணியம் பார்க்கிறது என்பார்கள். கரையில் இருக்கிற ஒரு பொருள், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பொருள், இப்படி இரண்டு ஜோடி. கயிற்றைப் பிடித்த மாதிரி இருக்கும். எங்கப்பா என்னை ஒரு தடவை அப்படி ஒரு பார் மேல் நிறுத்தி, "நல்லா பாத்துக்கலே, காயிதத்துல எழுதாத" என்றார். எழுதினால் இன்னொருத்தன் கைக்குப் போய்விடுமாம். இன்னொரு பாருக்கு ஓர் ஒற்றைத் தென்னைதான் முன் அடையாளம். 2004 சுனாமியில் தென்னை போயிற்று. பார் கடலுக்கடியில் அங்கேயேதான் கிடக்கிறது, போக வழி இல்லை. அப்பாவும் போன பிறகு மற்றதும் போய்விட்டது. எனக்கு அந்த ஒன்றுதான் மிச்சம்.

பெட்டியில் மார்க் பொத்தானை அமுக்கினால் அது கணியம். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலக்கிவிட்டு வைத்திருந்தது, நூறு மீட்டர் அளவுக்குத் தப்பும். அதை எடுத்த பிறகுதான் சின்னப் பெட்டியும் சில மீட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதோ எங்கள் ஃபிராங்க்ஸ்டன், சீஃபோர்ட், ஆஸ்பென்டேல் மூன்று இடத்திலும் 2009இல் அரசாங்கம் காங்கிரீட் உருண்டைகளை இறக்கிச் செயற்கைப் பார் அமைத்திருக்கிறது. இடக்குறியை வெளியிட்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ் இல்லாமல் அந்த உருண்டையின் மேல் கயாக்கை நிறுத்து பார்ப்போம்.

அந்த இடக்குறியில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ படாமலிருக்க. நண்பர் ஒருவர் ஓரிடத்தை 38.125 டிகிரி என்று எழுதிக் கொடுத்தார். பெட்டியோ டிகிரி, நிமிடம் என்று கேட்டது. நான் 38 டிகிரி 12.5 நிமிடம் என்று அடித்துவிட்டேன். டிகிரிக்கு 60 நிமிடம். 0.125ஐ 60ஆல் பெருக்கினால் 7.5 நிமிடம் வர வேண்டும். நெட்டாங்கிலும் அதே தப்பு. விடியற்காலை ஐந்தரைக்குக் கயாக்கை இறக்கி, அம்புக்குறி காட்டின பக்கம் திரும்பிப் பார்த்தால் நேரே கார் நிறுத்துமிடம். திரை என்னை மார்னிங்டனுக்கு உள்ளே, 11 கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருவருடைய குதிரைக் கொட்டடிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாங்கின அன்றே செட்டிங்கில் எந்த முறை என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள், பிறகு மாற்றாதே. நிமிட முறையில் கடைசி மூன்றாவது தசமம் ஒன்று கூடினால் தண்ணீரில் வெறும் 1.85 மீட்டர். முதல் இலக்கம் தப்பினால் குதிரைக் கொட்டடி.

இப்போது உன் மூன்று படங்களுக்கு வருகிறேன். 9 இஞ்சைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது மோட்டார் படகுக்காரன் சாமான். 7 இஞ்சைப் பார்த்து நீ மயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் கயாக்கில் நீ கவிழ்ந்துவிட்டால் மறுபடி வயிற்றை இழுத்துக்கொண்டு மேலே ஏறி வரவேண்டும். அந்த இடத்தில் பலகை மாதிரி ஒன்று நிற்கும், லைஃப் ஜாக்கெட் பட்டை அதில்தான் மாட்டும். கரையில் இரண்டு தரம் கவிழ்ந்து ஏறிப் பழகு, பிறகு எங்கே மாட்டலாம் என்று உனக்கே தெரியும். மின்சாரமும் அப்படித்தான். 4 இஞ்ச் கால் ஆம்பியர் போலக் குடிக்கும், 7 இஞ்ச் மூன்று நான்கு மடங்கு. பக்கவாட்டில் படம் பிடிக்கிற சைடு இமேஜிங்குக்காகத்தான் ஆட்கள் 7 இஞ்சுக்குப் போகிறார்கள். அதற்குப் படகு ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகவேண்டும். துடுப்புப் போடுகிறவன் கயாக் வாத்து மாதிரி ஆடி ஆடிப் போகும், படமும் ஆடும். பெடல் கயாக் என்றால் வேறு பேச்சு. உன்னுடையது துடுப்பு.

என்னுடையது 5 இஞ்ச்தானே என்பாய். எனக்கு வயது 52, கண்ணாடியைக் கழற்றினால் 4 இஞ்சில் எண் தெரியாது. அதுதான் காரணம், வேறு ரகசியமில்லை. கண்ணாடி என்றதும் ஞாபகம் வந்தது: கடையில் உன் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார். சில திரைகள் ஒரு கோணத்தில் அப்படியே இருண்டுவிடும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 எளிய பெட்டி. கடல் வரைபடம் கிடையாது, வெறும் மார்க்கும் வந்த தடமும் மட்டும். அதுவே உனக்குப் போதும். ஸ்ட்ரைக்கர் விவிட் வரிசையில் 4 இஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது: நீ போகப் போக ஆழக்கோடுகளை அதுவே வரைந்து சேர்த்து வைக்கும். நாலைந்து தடவை கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் பக்கம் உழவு ஓட்டுகிற மாதிரி போய்வந்தால் உனக்கென்று ஒரு படம் உருவாகிவிடும், கடையில் கிடைக்காதது. 5 இஞ்சில் லோரன்ஸ் ஹூக் ரிவீலும் ஹம்மின்பேர்ட் ஹீலிக்ஸும் நல்ல சாமான்கள்தான், எந்தப் பெயருக்கும் நான் சண்டை போட மாட்டேன்.

டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். கயாக்குக்குள்ளே அடிப்பலகையில் ஒட்டிவிடலாம், பிளாஸ்டிக் வழியாகச் சத்தம் போகும், ஓட்டை போட வேண்டாம், மணலில் உரசாது. ஆனால் பசையில் ஒரு காற்றுக் குமிழி சிக்கினால் போச்சு, திரை குருடு. அதோடு வெப்பநிலை தண்ணீருடையதாக இராது, பிளாஸ்டிக்குடையதாக இருக்கும். நமக்கு வெப்பநிலை முக்கியம். வசந்தத்தில் தண்ணீர் 15, 16 டிகிரியைத் தொடும்போதுதான் ஸ்னாப்பர் விரிகுடாவுக்குள் ஏற ஆரம்பிக்கும். அதனால்தான் டிரான்ஸ்டியூசரைத் தண்ணீரில் இறக்கி வைக்கிற என் பழைய கைப்பிடியை அனுப்பியிருக்கிறேன். பக்கத் தண்டவாளத்தில் மாட்டி, இறக்கும்போது மேலே தூக்கி வை, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் கீழே தள்ளு. துடுப்புப் போடாத பக்கம் என்று ஒன்று இல்லை, ஆகவே கால் பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டு. பாசி சுற்றிக்கொள்ளும், அவ்வப்போது கையால் வழித்துவிடு.

பேட்டரி லித்தியம் அயன் பாஸ்பேட், 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. ஏறக்குறைய ஒரு கிலோ. அதே அளவு ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல், அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜர்தான் போட வேண்டும். பார்சலில் இருக்கிற நீல மூடி டப்பா எதற்கு என்று யோசித்திருப்பாய். மைனியின் பழைய சோற்று டப்பா. ரப்பர் விளிம்பு இருக்கிறது, பேட்டரி கச்சிதமாக உட்காரும். வயருக்கு ஓட்டை போட்டுச் சிலிக்கோன் அடித்து வைத்திருக்கிறேன். பிளஸ் வயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, எடுத்துவிடாதே.

இணைப்புகளில் தடவக் கிரீஸ் ஒரு குப்பி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேள். போன மே மாதம், ஆலிவர்ஸ் ஹில் பக்கத்திலிருந்து விடியுமுன் போனேன். ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன், மூடுபனி இறங்கிவிட்டது. என் கயாக்கின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. பயமில்லை, தடம் திரையில் இருக்கிறதே, பின்பற்றினால் கரை என்று இருந்தேன். திரை ஒருமுறை மினுக்கி அணைந்தது. கழற்றிப் பார்த்தால் இணைப்பின் உள்ளே பச்சைப் பொடி. உப்புத் தண்ணீர் சாப்பிட்டிருக்கிறது, நான் ஆறு மாதமாகத் துடைத்ததில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. கழுத்தில் தொங்கின பத்து டாலர் திசைகாட்டிதான் கரை சேர்த்தது. இங்கே கிழக்கே போனால் கரை. ஆனால் அன்றைக்கு அந்த வெள்ளைக்குள் இருந்தபோது என் உடம்பு முழுவதும் வடக்கே திரும்பத் துடித்தது. மணக்குடியில் கரை வடக்கு. முப்பது வருடமாகியும் உடம்புக்கு இன்னும் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. அந்த மாதிரியே இரண்டாவது திசைகாட்டி பார்சலில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள், மடியில் வைத்துக்கொள்ளாதே, சட்டமும் அதுதான். தெற்குக் காற்று அடிக்கிற நாளில் உன் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதை நம்பாதே. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று அது. துடுப்பை நிறுத்தி, திரையில் வேகத்தைப் பார். சும்மா இருக்கும்போதே மணிக்கு 2 கிலோமீட்டர் காட்டினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பு.

ஒரு நோட்டும் இருக்கிறது. ஒவ்வொரு மார்க்குக்கும் எண், ஆழம், தரை, காற்று, தண்ணீர் சூடு, என்ன கடித்தது, எல்லாம் எழுது. பெட்டிக்கு நினைவு இருக்கிறதே என்பாய். பெட்டி ஒருநாள் தண்ணீரில் விழும். முதல் பக்கத்தில் நான் ஓர் இடக்குறி எழுதியிருக்கிறேன். உன் பக்கத்துத் தண்ணீர்தான், 6 மீட்டர், சிப்பித் தரை, அமாவாசைக்கு அடுத்த நாட்களில் கிங் ஜார்ஜ் வைட்டிங் நிற்கும். நம் கிழங்கான் குடும்பம்தான், பொன்னிறப் புள்ளி போட்டுக்கொண்டு இருக்கும், சுட்டால் அதே வாசம். நிமிட முறையில் எழுதியிருக்கிறேன், குதிரைக் கொட்டடிக்குப் போய்விடாதே. வேறு யாருக்கும் காட்டாதே. அப்பா சொன்னதை நான் பாதி மீறிவிட்டேன், மறு பாதியை நீ காப்பாற்று.

மெல்பர்ன் கப் விடுமுறைக்குக் கயாக்கோடு இங்கே வந்துவிடு. அதற்குள் ஸ்னாப்பர் ஏறியிருக்கும். 28 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அளவு நாடா கொண்டு வா. உன்னிடம் கொடம்புளி மிச்சம் இருந்தால் அதையும் கொண்டு வா. மைனியிடம் தீர்ந்துவிட்டது, தக்காளி போட்டு வைக்கிறாள், சாப்பிட முடியவில்லை. சித்திக்குப் போன் செய்தால் கவிழ்ந்து ஏறிப் பழகுவதைப் பற்றி எதுவும் சொல்லித் தொலைக்காதே.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: டிரான்ஸ்டியூசர் வயர் 6 மீட்டர் இருக்கும், கயாக்குக்கு ரொம்ப நீளம் என்று வெட்டிவிடாதே. சுருட்டி உள்ளே கட்டி வை. பேட்டரி வயரோடு சேர்த்துக் கட்டாதே, திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும்.